ஸ்நோர்க்கல் இருந்தால் போதுமா? எஞ்சினுக்குள் தண்ணீர் போவது எப்படி, தடுப்பது எப்படி?

வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்தால் போதும், உங்கள் கைத்தொலைபேசிக்கு அந்தக் காணொளிகள் வரத் தொடங்கிவிடும். வெள்ளம் நிறைந்த சாலையில் ஒரு பிக்கப் வண்டி பானெட் உயரத்துக்கு அலையைக் கிளப்பிக்கொண்டு போகும். அதன் முன்கண்ணாடி ஓரத்தில் ஒரு கறுப்புக் குழாய் கூரை வரை ஏறியிருக்கும். கீழே கருத்துப் பகுதியில் யாராவது எழுதியிருப்பார்கள்: "அதான் ஸ்நோர்க்கல் இருக்குல்ல, ஒன்னும் ஆகாது!"

ஆகும். எப்போது ஆகும், எதனால் ஆகும் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். நீங்கள் ஃபோர் பை ஃபோர் வைத்திருந்து செம்பனைத் தோட்டப் பாதைகளில் வார இறுதியைக் கழிப்பவராக இருக்கலாம். அல்லது அப்பாவின் பழைய காரை ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவராக இருக்கலாம். தண்ணீர் இரண்டு எஞ்சினையும் ஒரே மாதிரிதான் கொல்லும்.

மூன்று மேசைக்கரண்டி தண்ணீர்

எஞ்சின் எரிபொருளை மட்டும் குடிப்பதில்லை. அதைவிடப் பல மடங்கு காற்றைக் குடிக்கிறது. 2.8 லிட்டர் டீசல் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால், 2,700 லிட்டருக்கும் மேல் காற்றை இழுக்கும். டர்போ அழுத்தம் சேர்ந்தால் இன்னும் அதிகம். அந்தக் காற்று நுழையும் வாயில் ஒரு சில விநாடி தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டு வேக்யூம் கிளீனரை வாளித் தண்ணீரில் வைத்த மாதிரிதான்.

உள்ளே போன தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். அங்கே பிஸ்டன் மேலேறி வந்து காற்றைப் பதினைந்தில் ஒரு பங்காக நசுக்கும். காற்று நசுங்கும். தண்ணீர் நசுங்காது. சிக்கல் இவ்வளவுதான்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்? அதே 2.8 லிட்டர், நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரும் ஏறக்குறைய 690 மில்லிலிட்டர். அழுத்த விகிதம் 15.6 என்றால், பிஸ்டன் உச்சிக்குப் போனதும் மிச்சமிருக்கும் இடம் வெறும் 47 மில்லிலிட்டர். அதாவது மூன்று மேசைக்கரண்டி. தே தாரிக் கிளாஸில் கால்வாசிகூட இல்லை. அதைவிட ஒரு சொட்டு அதிகமாகத் தண்ணீர் இருந்தாலும் பிஸ்டன் உச்சிக்குப் போக முடியாது. 1.5 லிட்டர் பெட்ரோல் காரில் இந்த இடம் இன்னும் சிறியது, 35 முதல் 40 மில்லிலிட்டருக்குள் அடங்கிவிடும்.

பிஸ்டன் நின்றுவிட்டது. ஆனால் மற்ற மூன்று சிலிண்டர்களும், கனமான ஃபிளைவீலும், ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் எடையும் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. எங்கேயாவது ஒன்று வளைந்தாக வேண்டும். பெரும்பாலும் வளைவது பிஸ்டனையும் கிராங்க்ஷாஃப்டையும் இணைக்கும் தண்டு. பட்டறையில் 'கான் ராட்' என்பார்கள். இந்த நிலைக்குப் பெயர் ஹைட்ரோலாக்.

மெதுவான சுற்றில் நடந்தால் சில நேரம் எஞ்சின் 'டொக்' என்று நின்றுவிடும், சேதம் குறைவாக இருக்கலாம். 3,000 சுற்றில் நடந்தால் தண்டு உடைந்து எஞ்சின் பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மோசமான நிலை உண்டு. தண்டு கொஞ்சமாக வளைந்திருக்கும், வண்டியும் திரும்ப ஸ்டார்ட் ஆகிவிடும். "தப்பிச்சோம்டா" என்று நீங்கள் நினைப்பீர்கள். சில வாரம் கழித்து, நெடுஞ்சாலையில், வளைந்த தண்டு முறியும்.

பழைய கார் தப்பிக்கும், புது டீசல் தப்பிக்காது

அந்தக் காலத்துப் பெட்ரோல் கார்களில் டிஸ்ட்ரிபியூட்டர், பிளக் ஒயர் எல்லாம் திறந்தாற்போல் இருந்தன. தண்ணீர் தெறித்தாலே தீப்பொறி நின்று கார் இருமி அணைந்துவிடும். எரிச்சலான விஷயம்தான். ஆனால் காற்று வாய்வழியே தண்ணீர் நுழைவதற்கு முன்பே எஞ்சின் நின்றுவிட்டதால் அதன் உயிர் பிழைத்தது. இன்றைய டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. மின்சாரப் பாகங்களும் நன்றாக மூடப்பட்டவை. அதனால் அது தண்ணீரை விழுங்கும் விநாடி வரைக்கும் முறுக்காக ஓடும். எச்சரிக்கை எதுவும் கிடைக்காது.

இன்னொரு தவறான பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பலர் எக்ஸாஸ்ட் குழாய் வழியாகத் தண்ணீர் போய்விடும் என்றுதான் கவலைப்படுகிறார்கள். எஞ்சின் ஓடும்வரை புகையின் அழுத்தமே தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். ஆபத்து பின்பக்கத்தில் இல்லை, முன்பக்கத்தில் இருக்கிறது.

உங்கள் வண்டியின் மூக்கு எங்கே இருக்கிறது?

இன்றைக்கே பானெட்டைத் திறந்து பாருங்கள். ஏர் ஃபில்டர் இருக்கும் கறுப்புப் பெட்டியைக் கண்டுபிடித்து, அதிலிருந்து வெளியே போகும் குழாயை விரலால் தொடர்ந்து போங்கள். பல கார்களில் அது ரேடியேட்டரின் மேல்விளிம்புக்கு அருகிலோ முகப்பு விளக்குக்குப் பின்னாலோ முடியும். பல பிக்கப்களில் முன்சக்கரத்துக்கு மேலே, ஃபெண்டர் தகட்டுக்கு உள்ளே போய்விடும். அந்தக் குழாயின் வாய் தரையிலிருந்து எத்தனை செண்டிமீட்டர் உயரம் என்று அளந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியின் உண்மையான எல்லை அதுதான்.

இல்லை, அதைவிடக் குறைவு. காரணம், நீங்கள் ஓட்டும்போது தண்ணீர் மட்டமாக இருக்காது. வண்டியின் முகப்பு தண்ணீரைத் தள்ளும், முன்னால் ஓர் அலை எழும்பும். எதிரே வரும் லாரி இன்னோர் அலையை அனுப்பும். பள்ளம் வந்தால் மூக்கு இறங்கும். முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று போகிறவர்களின் எஞ்சின் இப்படித்தான் தண்ணீர் குடிக்கிறது.

நிறுவனங்கள் தரும் கணக்கையும் பாருங்கள். டொயோட்டா ஹைலக்ஸ் 700 மில்லிமீட்டர், ஃபோர்டு ரேஞ்சரும் இப்போதைய இசுசு டி-மேக்ஸும் 800, லேண்ட் ரோவர் டிஃபெண்டர் சஸ்பென்ஷனை உயர்த்திய நிலையில் 900. இவை எல்லாம் ஸ்நோர்க்கல் இல்லாத வண்டிக்கு, அமைதியான தண்ணீரில், மெதுவாகப் போவதற்குச் சொன்னவை. ஓடும் ஆற்றுக்குச் சொன்னவை அல்ல.

ஸ்நோர்க்கல் என்ன செய்கிறது?

மூக்கை மேலே தூக்குகிறது. அவ்வளவுதான்.

பெயர் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து வந்தது. தண்ணீருக்கடியில் இருந்தபடியே டீசல் எஞ்சினை ஓட்ட, மேலே ஒரு காற்றுக்குழாயை நீட்டும் முறையை இரண்டாம் உலகப் போருக்கு முன்பே நெதர்லாந்துக் கடற்படை பயன்படுத்தியது. பிறகு ஜெர்மானியர்கள் அதைத் தங்கள் கப்பல்களில் பொருத்தினார்கள்.

வண்டியில் ஃபெண்டரைத் துளைத்து, ஏர் பாக்ஸுக்குப் போகும் பழைய வாயை மூடி, அதற்குப் பதிலாகக் கூரை மட்டம் வரை ஒரு குழாயை ஏற்றுகிறார்கள். உச்சியில் முன்பக்கம் பார்த்த ஒரு தலை இருக்கும். மழைத்துளிகள் உள்ளே போனாலும் வடிந்து வெளியேற அந்தத் தலையில் சிறு பிளவுகள் இருக்கும். அந்தப் பிளவுகளைச் சிலிக்கோன் பூசி அடைத்துவிடாதீர்கள், "ஓட்டை இருக்கே" என்று ஆர்வத்தில் சிலர் அப்படிச் செய்கிறார்கள்.

உண்மையில் ஸ்நோர்க்கலின் அன்றாடப் பயன் தண்ணீரைவிடத் தூசுக்குத்தான். ஆஸ்திரேலியச் செம்மண் பாதைகளில் அதைப் பொருத்துகிறவர்களில் பலர் ஆற்றையே பார்க்க மாட்டார்கள். முன்னால் போகும் வண்டி கிளப்பும் புழுதி சக்கர மட்டத்தில் அடர்த்தியாக இருக்கும், கூரை மட்டத்தில் குறைவாக இருக்கும். ஃபில்டர் நீண்ட நாள் தாங்கும். நம்மூர் தோட்டப் பாதைகளிலும் வெயில் காலத்தில் இதே கதைதான்.

அழகுக்கு வைத்த குழாய்

சந்தையில் கிடைக்கும் ஸ்நோர்க்கல்களில் சில வெறும் அலங்காரம். ஃபெண்டரில் ஒட்டியிருக்கும், உள்ளே ஏர் பாக்ஸோடு இணைந்தே இருக்காது. அல்லது இணைந்திருக்கும், ஆனால் இணைப்பில் இடைவெளி இருக்கும். எஞ்சின் எப்போதும் இழுக்கிறது என்பதை மறக்காதீர்கள். பட்டன் அளவு ஓட்டை ஒன்று தண்ணீருக்குக் கீழே இருந்தால், கூரையில் இருக்கும் வாய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஓட்டை வழியாகவும் உறிஞ்சும்.

கசிவு வழக்கமாக இருக்கும் இடங்கள் தெரிந்தவைதான். ஸ்நோர்க்கல் உடலும் ஏர் பாக்ஸ் குழாயும் சேரும் மூட்டு, ஃபெண்டருக்குள் மறைந்திருப்பதால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஏர் பாக்ஸ் மூடியின் ரப்பர் பட்டை, ஒவ்வொரு முறை ஃபில்டர் மாற்றும்போதும் கொஞ்சம் நகரும். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாய், வயதாகி வெடித்திருக்கும் அல்லது அதன் கிளாம்ப் தளர்ந்திருக்கும். இந்தக் கடைசி இடம்தான் மிக ஆபத்தானது. இங்கே நுழையும் தண்ணீரைத் தடுக்க ஃபில்டர்கூடக் கிடையாது.

எல்லோரும் மறப்பது ஒன்று உண்டு. ஏர் பாக்ஸின் அடியில் மழைநீர் வடிய ஒரு சின்ன ஓட்டை இருக்கும். சில வண்டிகளில் அதில் ரப்பர் வால்வு ஒன்று வாத்தின் அலகு மாதிரி தொங்கும். சாதாரண நாளில் நல்ல ஏற்பாடு. ஆனால் ஏர் பாக்ஸே மூழ்கும் ஆழத்தில், மேலே ஸ்நோர்க்கல் இருந்தும் கீழே கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஒழுங்கான பட்டறை இதை அடைத்துத்தான் கொடுக்கும். உங்கள் வண்டியில் அடைத்திருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். அடைத்துவிட்டால், பெட்டிக்குள் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று அவ்வப்போது மூடியைத் திறந்து பார்ப்பது உங்கள் வேலை.

சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. எஞ்சினை ஐடிலில் விட்டு, ஸ்நோர்க்கல் தலையைக் கழற்றி, குழாயின் வாயைத் தட்டையான ரப்பர் பலகையால் ஓரிரு விநாடி மூடுங்கள். எஞ்சின் திணறி அணையப் பார்த்தால், காற்று வேறெங்கும் வரவில்லை, இணைப்புகள் சரி. ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் ஸ்நோர்க்கல் ஓர் அலங்காரப் பொருள். வேலை தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள், நீண்ட நேரம் மூடி வைக்காதீர்கள். உறிஞ்சும் வேகத்தில் மெல்லிய குழாய்கள் நசுங்கிவிடும்.

ஃபெண்டரை வெட்டுவதற்கு முன், உங்கள் வண்டிக்கு ஜேபிஜே விதிகள் என்ன சொல்கின்றன, உத்தரவாதம் பாதிக்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள். வெட்டிய பிறகு கேட்பதில் பயனில்லை.

ஸ்நோர்க்கல் காப்பாற்றாத பாகங்கள்

வண்டி மூச்சுவிடுவது எஞ்சின் வழியாக மட்டும் இல்லை. டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒவ்வொன்றுக்கும் 'பிரீதர்' என்ற சின்ன மூச்சுக்குழாய் உண்டு. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வருகிறீர்கள், டிஃபரன்ஷியல் கொதிக்கக் கொதிக்க இருக்கிறது. அப்படியே குளிர்ந்த ஆற்றில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். வெற்றிடம் உண்டாகும். பிரீதர் வழியாகவோ எண்ணெய் சீல் வழியாகவோ தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போது உங்களுக்கு ஒன்றும் தெரியாது. சில மாதம் கழித்துத்தான் பின்னச்சில் இரைச்சல் கேட்கும்.

இதற்குத் தீர்வு ஸ்நோர்க்கலைவிட மிக மலிவு. பிரீதர் குழாய்களை நீட்டி, எஞ்சின் அறையின் உச்சிக்குக் கொண்டுபோய்க் கட்டுவதுதான். என்னைக் கேட்டால், கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் முதலில் பிரீதர் குழாயைப் போடுங்கள். படம் எடுத்துப் போட முடியாது, அதனால்தான் பலர் அதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

தண்ணீரில் இறங்கும் முன் சில நிமிடம் கரையில் நிற்பதும் உதவும். சூடு தணியும். அந்த நேரத்தில் எதிர்க்கரையில் எங்கே ஏறப்போகிறீர்கள் என்பதையும் பார்த்துவிடலாம்.

மெதுவாகப் போவது எதற்கு?

காட்டுப் பாதையில் பழகியவர்கள் வண்டியின் முகப்பில் தார்ப்பாய் ஒன்றைக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கிரில்லை மூடினால் தண்ணீர் ரேடியேட்டர் வழியாக நேரே உள்ளே பாயாது. சீரான மெதுவான வேகத்தில், ஓர் ஆள் வேகமாக நடக்கும் அளவுக்கு, போனால் முன்னால் ஓர் அலை உருவாகி வண்டியோடு சேர்ந்து நகரும். அதன் பின்னால், எஞ்சின் அறையில், தண்ணீர் மட்டம் வெளியே இருப்பதைவிடத் தாழ்ந்திருக்கும். அந்தப் பள்ளத்தைக் காப்பாற்றுவதுதான் ஓட்டுநரின் வேலை. வேகம் கூடினால் அலை பானெட் மேல் ஏறும். நடுவில் நின்றால் அலை திரும்பி வந்து எஞ்சின் அறையை நிரப்பும்.

அதனால்தான் லோ ரேஞ்சில், ஒன்றாவது அல்லது இரண்டாவது கியரைப் போட்டுக்கொண்டு இறங்கி, கரை ஏறும்வரை கியரை மாற்றாமல் போகச் சொல்கிறார்கள். கிளட்ச்சை மிதித்தால் அதன் தட்டுகளுக்கிடையே தண்ணீர் நுழையவும் வாய்ப்பு உண்டு. கடந்த பிறகு பிரேக்கை லேசாக மிதித்து மிதித்து ஓட்டிக் காயவிடுங்கள்.

1997-இல் தொடங்கிய ரெய்ன்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியை மலேசியக் காடுகளில் வேண்டுமென்றே மழைக்காலத்தில்தான் நடத்திவந்தார்கள். அங்கே வருகிறவர்களிடம் ஸ்நோர்க்கலோடு வின்ச், கயிறு, இழுக்க இன்னொரு வண்டி எல்லாம் இருக்கும். யாரும் தனியாக ஆற்றில் இறங்குவதில்லை.

வெள்ளம் வேறு விஷயம்

மேலே சொன்னதெல்லாம் அடி தெரிந்த தண்ணீருக்கு. வெள்ளத்தில் அடி தெரியாது. சாக்கடை மூடி அடித்துச் சென்றிருக்கலாம், சாலையின் பாதியே இல்லாமல் போயிருக்கலாம்.

அதைவிடப் பெரிய சிக்கல், எஞ்சின் நிற்பதற்கு முன்பே வண்டி மிதக்கும். 30 செண்டிமீட்டர் தண்ணீர் பல சிறிய கார்களை மிதக்க வைக்கப் போதும். ஓடும் தண்ணீர் 60 செண்டிமீட்டர் இருந்தால் எஸ்யூவி, பிக்கப் வண்டிகளையும் அடித்துக்கொண்டு போய்விடும். வண்டியின் அடித்தளத்துக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 செண்டிமீட்டர் தண்ணீரும் பல நூறு கிலோ எடையைத் தூக்கிவிடுகிறது. சக்கரம் தரையைப் பிடிக்காவிட்டால் நாலு சக்கரமும் சுழன்று என்ன பயன்? ஹைலக்ஸின் 700 மில்லிமீட்டர் கணக்கையும் இந்த 60 செண்டிமீட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் ஓடினால், எஞ்சின் தாங்கும் ஆழத்தை வண்டி தாங்காது.

2014 டிசம்பர் வெள்ளத்தில் கிளந்தானின் குவாலா கிராய், குவா மூசாங் பகுதிகளில் சாலைகள் துண்டிக்கப்பட்டபோது, நிவாரணப் பொருள்களைக் கொண்டுசென்றவர்களில் ஃபோர் பை ஃபோர் குழுக்களும் இருந்தன. ஸ்நோர்க்கலுக்கு இப்படி ஒரு மரியாதையான வேலை இருக்கிறது. அந்த வண்டிகள் கூட்டமாக, பாதை தெரிந்தவர்களோடு போயின. நீங்கள் இரவில் தனியாக, வேலை முடிந்து வீடு திரும்பும் அவசரத்தில் இருக்கிறீர்கள். அந்த இரண்டும் ஒன்றல்ல. நீங்கள் கடந்தாலும், நீங்கள் கிளப்பிய அலை பக்கத்து வீட்டுக் கதவைத் தாண்டி உள்ளே போகும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

நின்றுவிட்டதா? சாவியைத் தொடாதீர்கள்

தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் எல்லோருக்கும் வரும் முதல் ஆசை, இன்னொரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம் என்பதுதான். அதைச் செய்யாதீர்கள். பிழைத்திருக்கக்கூடிய எஞ்சினை ஸ்டார்ட்டர் மோட்டாரே வளைத்துவிடும். தண்ணீர் ஏறுகிறது என்றால் வண்டியை விட்டு வெளியேறி உயரமான இடத்துக்குப் போங்கள். ஆபத்து இல்லை என்றால் தள்ளியோ இழுத்தோ கரை சேருங்கள். மேனுவல் வண்டி என்றால் நியூட்ரலில் வைத்துத்தான் இழுக்க வேண்டும். கியரில் வைத்து இழுத்தால் எஞ்சினும் சேர்ந்து சுற்றும்.

பிறகு ஏர் பாக்ஸைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் காய்ந்திருந்தால் நல்ல சகுனம். நனைந்திருந்தால் இழுவை லாரியைக் கூப்பிடுங்கள். பட்டறையில் பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்குகளை, டீசல் என்றால் குளோ பிளக்குகளையோ இன்ஜெக்டர்களையோ கழற்றிவிட்டு எஞ்சினைச் சுற்றுவார்கள். தண்ணீர் அந்தத் துளைகள் வழியே பீய்ச்சிக்கொண்டு வெளியேறும். எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பார்க்கும்போது எண்ணெய் பால் கலந்த கோப்பி நிறத்தில் இருந்தால், அங்கேயும் தண்ணீர் கலந்திருக்கிறது. டிஃபரன்ஷியல் எண்ணெய்க்கும் இதே அடையாளம்தான். வண்டி ஓடினாலும் கான் ராட் வளைந்திருக்கிறதா என்று அழுத்தச் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் அழுத்தம் குறைந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

காப்புறுதி பற்றி ஒரு வார்த்தை. மலேசியாவில் முழுமையான வாகனக் காப்புறுதி எடுத்திருந்தாலும், வெள்ளச் சேதம் அதில் தானாக அடங்காது. 'ஸ்பெஷல் பெரில்ஸ்' என்ற கூடுதல் பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் மூழ்கிய பிறகுதான் பலருக்கு இந்தப் பெயரே தெரிந்தது. அதைச் சேர்த்திருந்தாலும், நிறுத்தி வைத்த வண்டி மூழ்குவதும் நீங்களே தண்ணீருக்குள் ஓட்டிப்போவதும் காப்புறுதி நிறுவனத்தின் பார்வையில் ஒன்றாக இருக்காமல் போகலாம். அடுத்த முறை சாலை வரி புதுப்பிக்கும்போது முகவரிடம் இந்தக் கேள்வியையும் கேளுங்கள். பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.